இந்தியாவின் மிக உயர்ந்த சிகரங்கள்: பட்டியலுக்குப் பட்டியல் ஏன் மாறுகிறது?

நிலவரை:
பள்ளி நூலகச் சுவருக்காக இந்தியாவின் உயர்ந்த சிகரங்களைக் காட்டும் படம் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. 1,000 மீட்டருக்கு 10 செ.மீ. என்ற அளவில் சிகரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வரைவது திட்டம். வடக்கே முதல் பத்து, கூடவே பிள்ளைகளுக்குப் பழக்கமான தெற்குச் சிகரங்கள் இரண்டு மூன்று.

பட்டியலிலேயே வேலை நின்றுவிட்டது. ஓரிடத்தில் முதலிடம் கே2, 8,611 மீட்டர். இன்னோரிடத்தில் கஞ்சன்ஜங்கா 8,586. பாடப்புத்தகத்தில் அதே கஞ்சன்ஜங்கா 8,598. வேறொன்றில் நந்தா தேவிதான் முதல். பழைய பட்டியல் ஒன்றில் நாம்சா பர்வாவும் இந்தியாவுக்குள் வருகிறது. தெற்கில் ஆனைமுடிக்கு அடுத்து தொட்டபெட்டாவா, மீசப்புலிமலையா என்பதிலும் ஒற்றுமை இல்லை. எந்த எண்ணை எடுக்கலாம், எதனால் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முக்கோணக்கல்:
நீங்கள் பார்த்த பட்டியல்களில் பெரும்பாலானவை தப்பில்லை. ஒவ்வொன்றும் ஒரு விதியை வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. மூன்று கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதிவிடுங்கள்: எந்த எல்லை? எது தனிச் சிகரம், எது பக்கத்து முகடு? உயரம் எந்த மட்டத்திலிருந்து?

முதல் கேள்வி. கே2 இருப்பது பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள கில்கித்-பல்திஸ்தானுக்கும் சீனாவின் சின்ஜியாங்குக்கும் நடுவே. இந்திய அரசு வரைபடத்தில் அந்தப் பகுதி லடாக் ஒன்றியப் பிரதேசத்தில் சேர்கிறது. போட்டித் தேர்வு விடைகளில் கே2 முதலிடத்தில் வருவது இதனால்தான். அந்த விதியை எடுத்துக்கொண்டால் கே2-வோடு நிறுத்த முடியாது என்பதைக் கவனியுங்கள். நங்க பர்பத் 8,126, காஷெர்பிரம்-1 8,080, பிராட் பீக் 8,051, காஷெர்பிரம்-2 8,035 எல்லாமே உள்ளே வந்தாக வேண்டும். கே2-வை முதலில் போட்டு, இரண்டாவதாக கஞ்சன்ஜங்கா, மூன்றாவதாக நந்தா தேவி என்று எழுதும் பட்டியல் இரண்டு விதிகளைக் கலந்துவிட்டது. நிஜமான பிழை அதுதான்.

இந்திய நிர்வாகத்தில் உள்ள நிலம் என்று எடுத்தால் முதலிடம் கஞ்சன்ஜங்கா. அது சிக்கிம்-நேபாள எல்லையில் நிற்பதால், முழுக்க இந்தியாவுக்குள் என்று கேட்டால் உத்தராகண்டின் நந்தா தேவி, 7,816. நாம்சா பர்வா 7,782, அது திபெத்தில் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

படத்தில் நாட்டு எல்லைக்கோடும் வரப்போகிறது என்றால், சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் எல்லையைத்தான் வரைய வேண்டும். அது சட்டம். சிகரப் பட்டியல் நிர்வாக எல்லைப்படி, வரைபடம் அரசு எல்லைப்படி என்று இருந்தால், அதை ஒரு வரியில் கீழே சொல்லிவிட்டால் போதும்.

பனியாறு:
இரண்டாவது கேள்விதான் முதல் பத்துச் சிகரங்களின் பட்டியலைக் குலைப்பது. கஞ்சன்ஜங்காவுக்கு ஐந்து முகடுகள். முதன்மை முகடு 8,586, மேற்கே யாலுங் காங் 8,505, தெற்கு 8,494, நடு 8,482, தள்ளி காங்பச்சென் 7,903. இவற்றில் முதன்மை, நடு, தெற்கு மூன்றும் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கின்றன. வெறும் உயரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் இந்தியாவின் முதல் மூன்று சிகரங்களும் கஞ்சன்ஜங்காதான்! நந்தா தேவி நாலாவதாகப் போய்விடும்.

இதைத் தடுக்கத்தான் ப்ராமினன்ஸ் பார்க்கிறார்கள். ஒரு சிகரத்திலிருந்து அதைவிட உயரமான வேறு ஏதாவது ஒரு சிகரத்துக்குப் போக வேண்டும். எந்த வழியாகப் போனாலும் இவ்வளவாவது இறங்காமல் முடியாது என்று ஓர் அளவு வரும் இல்லையா, அதுதான். கஞ்சன்ஜங்காவுக்கு இது 3,922 மீட்டர். அதாவது 4,664 வரை இறங்கினால்தான் எவரெஸ்ட் பக்கம் ஏறவே முடியும். நந்தா தேவிக்கு 3,139, காமெட்டுக்கு 2,825. கஞ்சன்ஜங்கா தெற்கு முகட்டுக்கோ 120 மீட்டர்கூட இல்லை. நடு முகட்டுக்கு இன்னும் குறைவு, சில பத்து மீட்டர்தான்.

பெரிய மலைகளுக்கு 500 மீட்டர் என்று வெட்டுக்கோடு வைப்பது பரவலான வழக்கம். அதை வைத்தால் நந்தா தேவி கிழக்கு (7,434), காமெட்டை ஒட்டி நிற்கும் அபி காமின் (7,355) இரண்டும் போய்விடும். ஏறுபவர்களுக்கு அவை தனி மலைகள்தான், நந்தா தேவி கிழக்கு சுலபமான மலையே இல்லை. ஆனாலும் உயரப் பட்டியலில் அவை தாய்மலையின் தோள்கள்.

நிலவரை:
நன்றி. 500 மீட்டர் விதியையே வைத்துக்கொள்கிறேன். 8,586-ஆ, 8,598-ஆ? என் அளவில் இது 1.2 மில்லிமீட்டர் வித்தியாசம். ஆனால் எண்ணை எழுதியாக வேண்டுமே.

முக்கோணக்கல்:
8,586 எழுதுங்கள். இன்று மலையேற்ற உலகிலும் அளவைத் துறையிலும் புழங்குவது அதுதான். 8,598 பழைய அளவீட்டு மதிப்பு, பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது.

எண் ஏன் மாறியது என்று பிள்ளைகள் கேட்பார்கள், சொல்ல வேண்டியதும் அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் இமயத்தைச் சமவெளியிலிருந்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி நின்று, கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டால் பார்த்து அளந்தார்கள். தூரம் தெரியும், கோணம் தெரியும், முக்கோணக் கணக்கு. சிக்கல் மூன்று இடத்தில். ஒன்று, ஒளி நேர்கோட்டில் வருவதில்லை. உச்சியின் மெல்லிய காற்றிலிருந்து கீழே அடர்ந்த காற்றுக்குள் வளைந்து வருவதால் சிகரம் நிஜத்தைவிட உயரமாகத் தெரியும். அந்த வளைவு காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி. இரண்டு, இமயமலையின் நிறையே தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கும். கருவியின் மட்டம் அந்தக் குண்டை நம்பித்தான் வைக்கப்படுகிறது. மூன்று, உச்சியில் பார்த்தது பாறையையா, மேலே படிந்த பனியையா? எவரெஸ்டுக்கே 2005-ல் சீனா 8,844.43 என்று அறிவித்தது பாறையின் உயரம். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த 8,848.86 பனியோடு சேர்த்து.

இந்த வரலாற்றில் கஞ்சன்ஜங்காவுக்குத் தனி இடம் உண்டு. 1852-ல் அளவைத் துறைக் கணிதர் ராதாநாத் சிக்தரின் கணக்கில் 15-ஆம் எண் சிகரம் அதைத் தாண்டும் வரை, கஞ்சன்ஜங்காதான் உலகிலேயே உயரமானது என்று அளவையாளர்கள் நினைத்திருந்தார்கள். அந்த 15-ஆம் எண் சிகரம்தான் எவரெஸ்ட். முடிவு வெளியே அறிவிக்கப்பட்டது 1856-ல்.

மேட்டுப்பாளையம்:
தெற்கை யாரும் தொடவில்லையே. ஆனைமுடி 2,695, இதில் தகராறு இல்லை. இடுக்கி மாவட்டத்து மீசப்புலிமலை 2,640, நீலகிரியின் தொட்டபெட்டா 2,637. வெறும் உயரப்படி மீசப்புலிமலைதான் மேலே. தொட்டபெட்டாவைத் "தென்னிந்தியாவின் இரண்டாவது உயர்ந்த சிகரம்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது ப்ராமினன்ஸ் வைத்துப் பார்த்தால் பொருந்தும், உயரத்தை மட்டும் வைத்தால் பொருந்தாது.

காரணம் அழகானது. தொட்டபெட்டாவிலிருந்து ஆனைமுடிக்கு நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தவரை குறைவாக இறங்கி. எல்லோரும் பாலக்காட்டுக் கணவாயை நினைப்பார்கள். அது தாழ்வானது, அங்கே போனால் வீணாக இறங்குவோம். சரியான வழி காவிரிக்குப் போகும் தண்ணீருக்கும் பாரதப்புழைக்குப் போகும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள மேட்டுநிலம். கோவைச் சமவெளியில் அந்த மேட்டைப் பிடித்தபடியே கிழக்கே வளைந்து ஆனைமலைக்கு ஏறிவிடலாம். அந்த வழியில் மிகத் தாழ்ந்த இடம் சுமார் 380 மீட்டர். ஆகவே தொட்டபெட்டாவின் ப்ராமினன்ஸ் ஏறத்தாழ 2,250. மீசப்புலிமலையும் ஆனைமுடியும் ஒரே உயர்நிலத்தில் இருப்பதால் நடுவில் இவ்வளவு இறக்கம் கிடையாது.

ஆனைமுடியின் ப்ராமினன்ஸ் 2,479. அதைவிட உயரமான மலையைத் தேடினால் இமயம் வரைக்கும் போக வேண்டும். இந்த ஒரு எண்ணை மட்டும் படத்தில் சேர்த்துவிடுங்கள், பார்க்கிற பிள்ளைக்கு ஆனைமுடி சின்ன மலையாகத் தெரியாது.

நிலவரை:
2,640-க்கும் 2,637-க்கும் என் படத்தில் 0.3 மில்லிமீட்டர். பேனாக் கோடே அதைவிடத் தடிமன். இரண்டையும் ஒரே உயரத்தில் வரைந்து எண்ணை மட்டும் எழுதலாமா?

முக்கோணக்கல்:
அதுவே நேர்மை. மூன்று மீட்டர் வித்தியாசத்தைக் கோடு போட்டுக் காட்டினால் அந்த அளவுக்கு உறுதி இருப்பதாக ஆகிவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. தொட்டபெட்டா உச்சியில் கைபேசியைப் பார்த்துவிட்டு "இது 2,637 இல்லை, 2,545 தான்" என்று எழுதும் ஆட்கள் இருக்கிறார்கள். கைபேசி பழுதில்லை. ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது எலிப்சாய்டு என்ற கணித உருண்டையிலிருந்து உயரம். நாம் எழுதுவது கடல்மட்டத்திலிருந்து. தென்னிந்தியா, இலங்கைப் பக்கம் ஈர்ப்பு குறைவாக இருப்பதால் கடல்மட்டப் பரப்பு அந்தக் கணித உருண்டைக்குக் கீழே 90 முதல் 100 மீட்டர் வரை பள்ளமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே. ஆகவே திருத்தம் செய்யாத செயலியில் நம் மலைகள் எல்லாமே தொண்ணூறு மீட்டர் அளவுக்குக் குட்டையாகத் தெரியும். கடற்கரையில் நின்று பார்த்தால் மைனஸ் 90-ஐ ஒட்டிக் காட்டும் செயலி என்றால் அது திருத்தம் செய்யாதது, அவ்வளவுதான் சோதனை. இமயமலையில் இந்த வித்தியாசம் இதைவிடக் குறைவு.

காற்றழுத்தத்தால் உயரம் காட்டும் கைக்கடிகாரத்துக்கு வேறு நோய். கடல்மட்டத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் சுமார் 8 மீட்டர், 5,500 மீட்டரில் அதே மாற்றம் ஏறத்தாழ இரட்டிப்பு. இரவில் வானிலை மாறி அழுத்தம் 5 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், அந்த உயரத்தில் கூடாரத்தில் அசையாமல் படுத்திருப்பவர் எழுபது, எண்பது மீட்டர் "ஏறியிருப்பார்". உயரம் தெரிந்த இடம் வரும்போதெல்லாம் திருத்திக்கொள்ள வேண்டும். இதில் ஒரு பயனும் உண்டு. இருந்த இடத்திலேயே உயரம் ஏறிக்கொண்டே போனால் புயல் வருகிறது என்று அர்த்தம்.

நிலவரை:
இவ்வளவும் எனக்குப் புதிது. படத்தின் கீழே இரண்டு பத்தி இடம் இருக்கிறது. இந்தச் சிகரங்களை எங்கிருந்து பார்க்கலாம், யார் யார் ஏறினார்கள் என்று எழுத விரும்புகிறேன்.

பனியாறு:
கஞ்சன்ஜங்கா: 1955 மே 25, ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் நேபாளப் பக்கமிருந்து. சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம் வாழும் மலை. கொடுத்த வாக்குப்படி உச்சியின் கடைசிச் சில அடிகளை மிதிக்காமல் நின்றார்கள். இந்தியப் பக்கமிருந்து வடகிழக்கு முதுகெலும்பு வழியாக முதலில் ஏறியது 1977-ல் கர்னல் நரேந்திர குமார் தலைமையிலான இந்திய ராணுவ அணி. 2001-லிருந்து சிக்கிம் அரசு இந்தப் பக்கமாக ஏறுவதைத் தடைசெய்திருக்கிறது. "இந்தியாவின் உயரமான சிகரத்தில் இந்தியாவிலிருந்து ஏற முடியாது" என்ற வரி படத்தில் இருந்தால் நல்லது, பலருக்குத் தெரியாது.

நந்தா தேவி: 1936-ல் டில்மனும் ஓடெலும். அதற்கு முன் 1934-ல் ஷிப்டனும் டில்மனும் ரிஷி கங்கைப் பள்ளத்தாக்கு வழியாக உள்வட்டத்துக்குள் நுழைந்ததே பெரிய காரியம், சுற்றிலும் மதில் மாதிரி மலைகள். 1983-ல் உள்வட்டம் மூடப்பட்டது. விறகுக்கு மரம் வெட்டியது, குப்பை, வேட்டை எல்லாம் சேர்ந்து அந்த இடத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தன. 1988-ல் யுனெஸ்கோ உலக மரபிடமானது. இன்றும் உள்ளே போக முடியாது.

காமெட், 7,756: 1931 ஜூனில் ஸ்மைத் அணி. 25,000 அடியைத் தாண்டிய சிகரங்களில் மனிதர் ஏறிய முதல் சிகரம் இதுதான்.

அடுத்தவை கிழக்குக் கராகோரம். சால்தோரோ காங்ரி 7,742, சாசர் காங்ரி-1 7,672. ஆறாம் இடத்தில் கவனம்: சாசர் காங்ரி-2 7,518, மாமோஸ்தோங் காங்ரி 7,516. இரண்டே மீட்டர்! தொட்டபெட்டா கதைதான். சாசர் காங்ரி-2-இன் உயரமான முகட்டில் 2011 வரை யாருமே ஏறியிருக்கவில்லை. ஏழுக்குக் கீழே எல்லைச் சிகரங்கள் நெருக்கமாக வரும், ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு தேவைப்படும். பத்து வேண்டாம், ஏழோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு: டார்ஜிலிங்கின் டைகர் ஹில்லிலிருந்து கஞ்சன்ஜங்கா 70 கி.மீ. சொச்சம். நெருங்கிப் பார்க்க சிக்கிமின் யுக்சோமிலிருந்து கோச்சா லா கணவாய்க்குப் போகும் நடைபாதை. அக்டோபர், நவம்பர் நல்ல காலம், மழை கழுவிவிட்ட காற்று. விடியும்போது பார்வை முனையில் இருக்க வேண்டும், முற்பகலிலேயே மேகம் ஏறிவிடும். குமாவோனின் கௌசானியிலிருந்து நந்தா தேவி தெரியும். ஆனால் பாதிப் பேர் திரிசூலைப் பார்த்துவிட்டு அதுதான் என்று திரும்பிவிடுகிறார்கள். திரிசூல் 7,120, எழுநூறு மீட்டர் குட்டை, ஆனால் கிட்டத்தில் இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. அதற்கு வலப்பக்கம், பின்னால் தள்ளி நிற்பதுதான் நந்தா தேவி.

மருந்துப்பெட்டி:
கோச்சா லா பற்றி ஒரு திருத்தம் அவசியம். யுக்சோம் 1,780. வழியில் வரும் தங்குமிடம் சோகா சுமார் 3,000. அடுத்த இரவு சோங்ரி சுமார் 4,000. ஒரே நாளில் தூங்கும் உயரம் 1,000 மீட்டர் கூடுகிறது. 3,000-க்கு மேலே ஓர் இரவுக்கு 500-க்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வுநாள் வேண்டும் என்பது பொது விதி. இந்தப் பாதையில் நடுவில் தங்க வசதியான இடம் குறைவு. ஆகவே சோகாவில் இரண்டு இரவு, சோங்ரியில் இரண்டு இரவு என்று போக வேண்டும். ஐந்து நாளில் முடித்துத் தருகிறோம் என்னும் திட்டத்தில் வெட்டப்படுவது இந்த இரண்டு இரவுகள்தான். சோங்ரி தாண்டி தான்சிங் கொஞ்சம் தாழ்வு, 3,900 சுமார். அது உடம்புக்கு நல்லது.

தலைவலியோடு குமட்டல், சோர்வு இருந்தால் மேலே போகக் கூடாது. அதே உயரத்தில் தங்கிப் பார்க்க வேண்டும், கூடினால் இறங்க வேண்டும். நேர்கோட்டில், ஒரு காலின் விரலை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரல். இரண்டிலும் விடியும் வரை காத்திருப்பதுதான் உயிரைக் குடிக்கிறது. இருட்டானாலும் ஆள் துணையோடு உடனே இறக்க வேண்டும், குறைந்தது 300 மீட்டர், முடிந்தால் 1,000. முன்னெச்சரிக்கைக்கு அசெட்டசோலமைடு 125 மி.கி. காலை, மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அந்த மாத்திரை போட்டால் வேகமாக ஏறலாம் என்று நினைப்பது தவறு, 500 மீட்டர் விதி அப்படியே இருக்கிறது.

மேட்டுப்பாளையம்:
தெற்குக்கும் ஒரு வரி: ஆனைமுடி இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகளுக்கு ராஜமலை வரைதான். வரையாடு குட்டி போடும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் ஒட்டி, அதுவும் மூடியிருக்கும். தொட்டபெட்டாவுக்கு உச்சி வரை சாலை. காலையிலேயே போய்விட வேண்டும், மதியத்துக்கு மேல் மூடுபனி.

நிலவரை:
எல்லோருக்கும் நன்றி. இதோ படத்தில் போகப்போகும் வரிசை. விதி: இந்திய நிர்வாகத்தில் உள்ள பகுதி, எல்லைச் சிகரம் சேர்த்து. ப்ராமினன்ஸ் 500 மீட்டருக்கு மேல். உயரம் கடல்மட்டத்திலிருந்து.

கஞ்சன்ஜங்கா 8,586
நந்தா தேவி 7,816
சாசர் காங்ரி-1 7,762
காமெட் 7,756
சால்தோரோ காங்ரி 7,742
சாசர் காங்ரி-2 7,518
மாமோஸ்தோங் காங்ரி 7,516
தெற்கு: ஆனைமுடி 2,695, மீசப்புலிமலை 2,640, தொட்டபெட்டா 2,637

முக்கோணக்கல்:
அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். சாசர் காங்ரி-1 7,672. நீங்கள் எழுதியிருப்பது 7,762, இரண்டு இலக்கம் இடம் மாறியதில் ஐந்தாம் இடத்து மலை மூன்றாவதாக ஏறிவிட்டது. காமெட் மூன்று, சால்தோரோ நான்கு, சாசர் ஐந்து. சுவரில் அதன் உயரம் 77.6 செ.மீ. இல்லை, 76.7.

நிலவரை:
திருத்திவிட்டேன். ஒவ்வொரு எண்ணையும் மறுபடி சரிபார்த்துவிட்டுத்தான் அச்சுக்குப் போகும்.